எல்லோரும் ஐந்து போட்டார்கள்

போன கிழமை ஹட்டனுக்குப் போய் போனுக்குப் புது சிம் போட்டுக்கொண்டு வந்தேன். கடைப் படியை விட்டு இறங்குவதற்குள் செய்தி வந்துவிட்டது. எங்கள் சேவை எப்படி இருந்தது, ஒன்றிலிருந்து ஐந்து வரை ஓர் இலக்கத்தை அனுப்புங்கள், ஒன்று என்றால் மிக மோசம், ஐந்து என்றால் மிக நன்று என்று. திரும்பிப் பார்த்தேன். எனக்கு சிம் போட்டுத் தந்த பெண்பிள்ளை கண்ணாடிக்குப் பின்னால் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால், அவள் என்னை நெடுநேரம் நிற்கவைத்தாள். என் பெயரையும் பிழையாகப் பதிந்து, பிறகு திருத்தினாள். மூன்று போடலாம். ஆனால் நான் மூன்று போட்டு, அதை யாரோ ஒரு பெரியவர் பார்த்து, அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு ஏசி, அவளுக்கு வேலை போய், வீட்டில் நோயாளி அம்மா ஒருத்தி இருந்து... பஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் இவ்வளவும் என் தலைக்குள் நடந்து முடிந்துவிட்டது. நான் அப்படிப்பட்ட ஆள். குடையை இடுக்கிக்கொண்டு ஐந்தை அமுக்கி அனுப்பிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

வட்டவளைப் பக்கம் பஸ் இறங்கும்போது வழக்கம்போல மழை. ஜன்னல் கண்ணாடி மூச்சு பட்டு மங்கியிருந்தது. அதில் விரலால் சும்மா ஒரு ஐந்து எழுதிப் பார்த்தேன். எனக்கும் இந்த ஐந்துக்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. என் தங்கச்சியின் மேற்படிப்பு அந்த ஐந்தில்தான் போய் மாட்டிக்கொண்டது.

நான் ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அப்பா இல்லாத வீடு, நிலைமை சரியில்லை, அதனால் விட்டேன் என்று சொல்வது வழக்கம். கேட்கிறவர்களும் உச்சுக்கொட்டுவார்கள். அது பாதி உண்மை. மற்றப் பாதி, கணக்கு டீச்சரைக் கண்டால் நான் ஓடி ஒளிவேன். விட்ட பிறகு ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் ரவூப் நானாவின் கொமினிகேஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். போட்டோகொப்பி எடுப்பது, பேக்ஸ் அனுப்புவது, டைப் அடிப்பது. மழைக்காலத்தில் அந்தத் தெருவில் சூடாக இருப்பவை இரண்டே பொருள்கள்தான். எதிர்க்கடை வடை, எங்கள் கடைப் போட்டோகொப்பி. மெஷினிலிருந்து வரும் தாளை யாரும் பார்க்காதபோது கன்னத்தில் வைத்துக்கொள்வேன். அந்தச் சூடும், மை கருகுவதுபோன்ற அந்த வாசமும் இன்றைக்கும் எங்காவது அடித்தால் எனக்கு யோகாவின் ஞாபகம்தான் வரும்.

யோகா என்றால் யோகேஸ்வரி, என் ஒரே தங்கச்சி. அவள் கணக்கு டீச்சரைக் கண்டு ஓடி ஒளியவில்லை. கம்பஸ் போய்ப் பட்டம் எடுத்தாள். ஹட்டனில் ஓர் அலுவலகத்தில் வேலை எடுத்தாள். அதோடு இருந்திருக்கலாம். ஒருநாள் கடைக்கு வந்து, "அக்கா, மாஸ்டர்ஸ் படிக்கப் போறேன்" என்றாள். வணிக முகாமைத்துவமும் தகவல் முறைமைகளும் என்று அந்தப் படிப்புக்குப் பெயர். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

"இன்னும் படிக்க என்னாடி இருக்கு?" என்று கேட்டேன்.

"இருக்குதுக்கா. படிக்கப் படிக்க வந்துக்கிட்டே இருக்கு."

வகுப்பு கொழும்பில், சனியும் ஞாயிறும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பஸ்ஸில் போவாள், ஞாயிறு பின்னேரம் ரயில் கோச்சியில் திரும்புவாள். அந்த நாட்களில் நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. வெள்ளிக்கிழமை மழை பெய்தால் கித்துல்கல வளைவில் மண் சரிந்திருக்கும். பெய்யாவிட்டால் டிரைவர் வேகமாகப் போவான். போர்டிங்கில் சாப்பாடு போட்டிருக்க மாட்டார்கள். போட்டிருந்தால் அது பழுதாகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோச்சி சத்தம் கேட்டு, அவள் குடையோடு ஸ்டேஷன் பாதையில் தெரிகிறவரைக்கும் எனக்குத் தண்ணீர்கூட இறங்காது. அம்மா சிரிப்பாள். "படிக்கிறவ அவ. பரீச்ச பயம் ஒனக்கா?" என்பாள்.

அவளுடைய கட்டுரைகளை எல்லாம் நான்தான் டைப் அடித்தேன். இங்கிலீஷ். எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. அர்த்தம் தெரியாவிட்டால் டைப் அடிப்பது சுகம். கவலைப்பட எதுவும் இருக்காது. ஆனால் ஒரே வார்த்தைகள் திரும்பத் திரும்ப வரும்போது மனசு சும்மா இருக்குமா. இன்பர்மேஷன் சிஸ்டம், இன்பர்மேஷன் சிஸ்டம் என்று விரல் தேய்ந்தபோது, அது என்னதான் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"மடுவத்துல என்னாக்கா நடக்குது?" என்று அவள் ஆரம்பித்தாள். மடுவம் என்றால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற கொட்டகை. "கொழுந்து வருது, நிறுக்குறாங்க, எழுதுறாங்க, அது ஆபீசுக்குப் போகுது, அங்கிருந்து சம்பளமா வருது. இது மொத்தமும் ஒரு சிஸ்டம்."

"அப்ப நிறுத்து எழுதுற கணக்கப்புள்ள?"

"அவரு சிஸ்டத்துல உள்ள கோளாறு."

நானும் அவளும் சிரித்த சிரிப்பில் ரவூப் நானா கண்ணாடியைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தார்.

அந்த வருடம்தான் மடுவத்தில் பழைய முள்ளுத் தராசைக் கழற்றிவிட்டுப் புது மெஷின் வைத்தார்கள். முள்ளுத் தராசு காலத்தில் மடுவம் ஒரு சண்டைக்களம். கூடைக் கொழுந்தைச் சாக்கில் கொட்டிக் கொக்கியில் மாட்டியதும் அத்தனை பெண்களின் கண்ணும் முள்ளில் இருக்கும். கணக்கப்பிள்ளை ஒரு கிலோ குறைத்துச் சொல்லிவிட்டால் போச்சு. "கண்ணாடி மாத்துங்க ஐயா, முள்ளு அங்குட்டு நிக்குது" என்று எங்கள் செல்லாயி பெரியம்மா ஆரம்பிப்பார். மற்றவர்கள் தொடர்வார்கள். சில நாள் முள் ஜெயிக்கும், சில நாள் கணக்கப்பிள்ளை ஜெயிப்பார்.

புது மெஷின் ஒரு பெட்டி. சிவப்பு இலக்கம் எரியும். ஆனால் அந்த இலக்கம் கணக்கப்பிள்ளையின் பக்கம் திரும்பியிருக்கும். ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். அட்டையைக் காட்டினால் பெட்டி 'கீச்' என்னும், அவ்வளவுதான். சாக்குக்குக் கழிப்பதும், மழை ஈரத்துக்குக் கழிப்பதும் பெட்டிக்குள்ளேயே நடந்துவிடும். எவ்வளவு கழித்தது என்று பெட்டி சொல்லாது. கணக்கப்பிள்ளையிடம் கேட்டால், "என்கிட்ட ஏன் கேக்குறீங்க, மெஷின்ல கேளுங்க" என்று கையை விரிப்பார். நாள் முழுக்க மழையில் நின்று பறித்தவளுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் வேலை என்று விழும். பின்னேரம் மடுவத்திலிருந்து எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு வருகிற பாதை முழுக்கத் திட்டுத்தான். "இன்னைக்கும் பொட்டி தின்னுருச்சு." இது அம்மா. "தின்னுட்டு ஏப்பம் விடுது பாரு, கீச்சின்னு." இது பெரியம்மா. அம்மாவுக்கு மூத்தவர், லயத்தில் அடுத்த காம்பரா, அதாவது அடுத்த அறை. மலைச்சரிவில் படங்குச் சாக்கைக் கட்டிய பெண்கள் வரிசையாக இறங்க, அவர்களுக்கு முன்னால் அந்தத் திட்டுச் சத்தம் இறங்கி வரும். அதைக் கேட்டுத்தான் லயத்தில் அடுப்புக்கு விறகு வைப்பார்கள்.

படிப்பின் கடைசியில் ஓர் ஆய்வு செய்ய வேண்டும் என்றார்கள். யோகா பெட்டியை எடுத்துக்கொண்டாள். புதிய நிறுவை முறைமை பற்றித் தொழிலாளர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் தலைப்பு.

"நம்ம அம்மா தெனம் ரோட்டுல திட்டிக்கிட்டு வர்றத, அவங்க மேசைக்கு இலக்கமா கொண்டுபோய் வைக்கப் போறேன்" என்றாள். "இலக்கமா இருந்தாத்தான் அவங்களுக்குக் காது கேக்கும்."

அதைச் சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியும். அவ்வளவு வருடப் படிப்பும் அந்த ஒரு காரியத்துக்காகத்தான் என்பதுபோல இருந்தது. தோட்டத்து ஆபீசில் அனுமதி வாங்கினாள். முடிவின் ஒரு பிரதியை அவர்களுக்குத் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை. "குடுப்போமே, அதுக்குத்தானே" என்றாள்.

கேள்வித்தாளைத் தமிழில் நான் டைப் அடித்தேன். வாழ்க்கையில் முதல்தடவையாக அர்த்தம் தெரிந்து அடித்தேன், அதனால் பிழைகளும் கூட வந்தன. 'புதிய முறைமை என் கொழுந்தின் நிறையைச் சரியாகக் காட்டுகிறது' என்று ஒரு வசனம். 'புதிய முறைமையில் எனக்கு நம்பிக்கை உண்டு' என்று ஒன்று. இப்படியே ஒரு பக்கம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒன்று முதல் ஐந்து வரை கட்டங்கள். கொஞ்சமும் சம்மதம் இல்லையென்றால் ஒன்று, முழுச் சம்மதம் என்றால் ஐந்து. ரவூப் நானா பிரதி எடுத்த தாளுக்குக் கணக்கே பார்க்கவில்லை. "எடுங்க புள்ள, பேப்பர் நெறைய ஈக்கிதானே. தோட்டத்துப் புள்ள படிக்கட்டும்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொழும்பில் வகுப்பில்லாத ஞாயிறு. பெண்கள் உடுப்புக் கழுவி, குளித்து முடித்து எங்கள் காம்பரா இஸ்தோப்புக்கு, அதாவது வாசல் திண்ணைக்கு, வந்தார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பாதிப்பேர் நல்ல சேலை கட்டியிருந்தார்கள். வோட்டுப் போடப் போவதுபோல. செல்லாயி பெரியம்மா பொட்டு வைத்து, தலைக்கு எண்ணெய்கூடப் போட்டிருந்தார். யோகா எல்லோருக்கும் தாளையும் பேனையையும் கொடுத்து, நினைக்கிறதை நினைக்கிற மாதிரியே போடுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பதில் சொல்கிறவர்களின் பக்கத்தில் நிற்கக்கூடாது, நின்றால் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் மாறும் என்று கொழும்பில் படித்துக் கொடுத்திருந்தார்களாம். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எல்லோருக்கும் சாயத்தண்ணி, அதுதான் பால் இல்லாத தேத்தண்ணி, கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கடைசிக் காம்பரா சரசு அக்கா படித்தவள். அவள்தான் மற்றவர்களுக்கு வாசித்துச் சொன்னாள்.

"'நிறையைச் சரியாகக் காட்டுகிறது.' இதுக்கு எத்தன பெரியம்மா?"

"கூடுனா எத்தன போடலாம்?"

"அஞ்சு."

"அப்ப அஞ்சு போடு."

"நேத்துத்தானே பொட்டி தின்னுருச்சுன்னு அந்தக் கத்து கத்துனீங்க?"

"அது நேத்து. இது புள்ளையோட பரீச்ச. நம்மகிட்டல்ல மார்க்குப் போட குடுத்திருக்காங்க. போய்க் கொறைக்கச் சொல்லுறியா?"

சரசு அக்கா ஒரு கணம் யோசித்தாள். பிறகு, "அதுவும் சரிதான்" என்று ஐந்தில் அடித்தாள். மற்றவர்களும் ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்த்து, யாரும் குறைத்துவிடவில்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். எனக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. ஒன்றிலிருந்து ஐந்து என்றால் மார்க். மார்க் என்றால் கூட வேண்டும். எனக்கு யாரும் அப்படிப் போட்டிருந்தால் நானும் பத்தாம் ஆண்டுக்குப் போயிருப்பேனே என்று ஒரு பொறாமை மட்டும் வந்தது.

அம்மா மாத்திரம் தாளில் ஒன்றும் போடவில்லை.

"நான் போட மாட்டேன். பெத்தவ போட்டா செல்லாது. பொறவு இவ பாஸ் பண்ணுனாலும், ஆத்தாக்காரி போட்டுக் குடுத்தான்னு சொல்லுவாங்க."

"ஒன் மார்க்கு இல்லாமலே நாங்க தூக்கிவிட்டுருவோம், நீ கெட" என்றார் பெரியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவின் தாளை அம்மா நாலாக மடித்து மாவு டின்னுக்கு மூடியாக வைத்துக்கொண்டாள். நல்ல தடித்த தாள், வீணாக்கக் கூடாது என்று.

அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யோகா தாள்கட்டோடு கடைக்கு வந்தாள். நான் இலக்கங்களை வாசிக்க, அவள் கம்பியூட்டரில் பதிந்தாள். "அஞ்சு. அஞ்சு. அஞ்சு. அஞ்சு." முதல் தாள், இரண்டாம் தாள். "அஞ்சு. அஞ்சு." ரவூப் நானா, "என்ன புள்ள, ஏலம் போடுறீங்களா?" என்று கேட்டார். யோகா சிரித்தாள். அடுத்த தாளில் சிரிப்பு நின்றது. மிச்சக் கட்டை என் கையிலிருந்து வாங்கி, விசிறிபோல விரித்துப் பார்த்தாள். கீழிருந்து மேல்வரை ஐந்தாம் கட்டத்தில் ஒரே நேர்கோடாகப் பேனைக்கோடுகள்.

"அக்கா," என்றாள் மெதுவாக, "இவங்க எனக்கு மார்க்குப் போட்டிருக்காங்க."

"ஆமா. நல்லதுதானே?" என்றேன்.

திரும்ப ஒரு ஞாயிறு எல்லோரையும் கூப்பிட்டாள். இந்தத் தடவை குசினிக்குப் போகவில்லை. நடுவில் நின்று விளங்கப்படுத்தினாள். இது என் பரீட்சை இல்லை, தராசைப் பற்றின கேள்வி, குறைத்துப் போட்டால் எனக்கு ஒரு நட்டமும் இல்லை, உங்களுக்குத்தான் நல்லது என்றாள். பெரியம்மா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"வெளங்குது புள்ள. தராசப் பத்திதான். நீ பயப்புடாத" என்றார். பயப்புடாத என்று சொன்ன விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

திரும்பவும் ஐந்துதான். சரசு அக்கா மட்டும் நம்பிக்கை உண்டு என்ற இடத்தில் ஒரு மூன்று போட்டிருந்தாள். யோகா அந்த ஒரு மூன்றைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கே, வெளிச்சம் மங்குவதற்குள், சரசு அக்கா கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. "தங்கச்சி, அந்தத் தாள ஒருக்காக் குடு. ஒரு எடத்துல மூனு போட்டுட்டேன். கெணத்துல தண்ணி அள்ளக்கூட மனசு வரல" என்றாள். யோகா தாளையும் பேனையையும் எடுத்துக் கொடுத்தாள்.

கொழும்பில் அவளுடைய மேற்பார்வையாளர் நல்ல மனிதர் என்றுதான் சொல்வாள். தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தரவு இப்படியும் வரும், திருப்தி உயர்ந்த மட்டத்தில் உள்ளது என்று எழுதிவிடுங்கள் என்றாராம். வேறு தோட்டத்தில் கேட்கலாமா என்றால், அனுமதி எடுத்திருப்பது ஒரு தோட்டத்துக்கு, தவணையும் முடியப்போகிறது. படிப்பையே விட்டுவிடுகிறேன் என்று யோகா கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். விட்டவர்களின் கதை எனக்குத் தெரியும். நான் கெஞ்சினேன். "அம்மாகிட்ட யாரு சொல்லுறது? அத்தன பேரு அஞ்சு போட்டுமா பெயிலுன்னு கேப்பாங்களேடி" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் வந்தது சிரிப்பா அழுகையா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

கடைசியில் எழுதினாள். ஆனால் நடுவில் தனியாக ஒரு பக்கம் சேர்த்தாள். அந்தப் பக்கத்தை டைப் அடிக்கும்போது மட்டும் என் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து வரிக்கு வரி தமிழில் சொன்னாள். இந்தப் பெண்கள் தராசை அளக்கவில்லை, என்னை அளந்தார்கள். அவர்களுடைய ஐந்தை நம்ப வேண்டாம். பின்னேரம் அந்தப் பாதையில் நின்று கேளுங்கள் என்று எழுதியிருந்தாள். நான் அடித்த அத்தனை இங்கிலீஷிலும் எனக்கு விளங்கிய பக்கம் அது ஒன்றுதான். திருத்தி வந்தபோது, இது ஆய்வு நடை இல்லை என்று அந்தப் பக்கத்தை அடித்து, பதில்களில் ஒருபக்கச் சாய்வு இருக்கக்கூடும் என்று ஒரு வரியாக்கியிருந்தார்கள். அந்த ஒரு வரியையும் நான்தான் அடித்தேன்.

யோகா பாஸ். பட்டமளிப்புக்கு நானும் அம்மாவும் கொழும்புக்குப் போனோம். அம்மாவுக்குப் பஸ்ஸில் வாந்தி வருமே என்று எலுமிச்சங்காய், பை, துவாய் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். வாந்தி எடுத்தது நான்தான். மேடையில் அவள் கறுப்பு அங்கியோடு ஏறியபோது அம்மா என் கையைப் பிடித்து, "நான் போடலன்னு பொறவு யாரும் கேக்கலையே?" என்றாள். அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அங்கி போட்ட படத்தை லயத்துச் சுவரில் மாட்டிய அன்று பெண்கள் எல்லோரும் பார்க்க வந்தார்கள். பெரியம்மா சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து, "நம்ம போட்ட மார்க்கு வீண்போகல பாத்தியா" என்றார். யோகா எழுந்து பின்பக்கம் போனாள். போய்ப் பார்த்தால், கழுவி வைத்த கோப்பைகளைத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஆய்வின் பிரதி ஆபீசுக்குப் போயிருந்தது. கொஞ்ச நாளில் கீழ்ப்பிரிவு மடுவத்துக்கும் பெட்டி வந்தது. பிறகு ஆற்றுக்கு அந்தப்பக்கமும் வந்தது. அது எப்படியும் வந்திருக்கும், நீ எழுதாவிட்டால் இன்னொருவர் எழுதியிருப்பார் என்று நான் அவளுக்கு எத்தனையோ தடவை சொன்னேன். அவள் தலையாட்டுவாள். பெண்களோ பெட்டிக்குப் புதுப்பெயர் வைத்துவிட்டார்கள். "நம்ம யோகா படிச்ச பொட்டி." திட்டும்போதுகூடக் கொஞ்சம் பார்த்துத்தான் திட்டினார்கள். யோகா வீட்டில் நிற்கிற நாளில் பாதையில் சத்தமே இருக்காது. அதுதான் அவளை எல்லாவற்றையும்விட வருத்தியது என்று நினைக்கிறேன். கொழும்பில் பெரிய வேலை கிடைத்துப் போனாள். வருவது குறைந்தது. தீபாவளிக்கு வந்தாள், பிறகு தீபாவளிக்கும் போனில்தான். "மழையாக்கா அங்க?" என்று தொடங்குவாள்.

அம்மா ஒரு விடியற்காலை நெஞ்சு வலிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக லொறி வருவதற்குள் முடிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க எத்தனையோ ஆபத்துகளை முன்கூட்டியே நினைத்துப் பயந்து வைத்திருந்தேன். இது மட்டும் என் கணக்கில் இல்லை.

அடுத்த நாள் பகல், எடுப்பதற்கு முன்னால், வலப்பனையிலிருந்து மாமா வரவேண்டும் என்று காத்திருந்தோம். வெளியே தப்பு அடிக்கிறவர்கள் நெருப்பில் தோலைக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே அழுது ஓய்ந்த நேரம். அம்மாவைச் சுற்றிப் பெண்கள், அவர்களுக்கு நடுவில் கொழும்பிலிருந்து இரவோடு இரவாக வந்து சேர்ந்த யோகா. அப்படி ஓய்ந்த நேரத்தில் பழைய பேச்சு வரும், உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

"எல்லாத்துலயும் இவ முன்னுக்கு நிப்பா. அன்னைக்கு மார்க்குப் போடத்தான் பின்னுக்குப் போனா" என்றார் பெரியம்மா, அம்மாவின் காலைத் தடவிக்கொண்டே.

யோகா தலையைத் தூக்கினாள். "பெரியம்மா, அந்தத் தராசு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"எது, பொட்டியா? நாசமாப் போன பொட்டி. எங்க ஒடம்பையே தின்னுச்சே. ஒங்கம்மா திட்டாத நாளு உண்டா?"

"பொறவு ஏன் பெரியம்மா அன்னைக்கு அஞ்சு போட்டீங்க?"

பெரியம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இவ்வளவு படித்த பிள்ளைக்கு இது தெரியவில்லையா என்பதுபோல.

"அன்னைக்கு நீ தராசப் பத்தியா கேட்ட? ஒன்னப் பத்தில்ல கேட்ட."

சரசு அக்கா, "ஆமா தங்கச்சி" என்றாள். யோகா பெரியம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். பிறகு, மாமா வந்து தப்புச் சத்தம் தொடங்கியபோது, என் காதருகில் சொன்னாள். "அம்மாகிட்டயாவது தாள் இல்லாமக் கேட்டிருக்கலாங்க்கா. சும்மா, அடுப்படியில ஒக்காந்துக்கிட்டு. நான் கேக்கவே இல்ல."

மாவு டின்னின் மூடித்தாள் ரொட்டி மாவு படிந்து எப்போதோ எலி கடித்துப் போய்விட்டது. பெரியம்மா அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. சரசு அக்கா மகளோடு கொழும்புப் பக்கம் போய்விட்டாள். இப்போது தோட்டத்தில் மலையைத் துண்டு துண்டாகக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அவரவர் பறித்து ரோட்டோரம் கொண்டுபோனால் லொறி வந்து ஏற்றிக்கொள்கிறது. பாதி மலை புல் மண்டிக் கிடக்கிறது. மடுவத்துக் கூரைத் தகரத்தை யாரோ கழற்றிப்போய்விட்டார்கள். பெட்டி எங்கே போனதென்று தெரியாது. ரவூப் நானாவின் கடை இருந்த இடத்தில் இப்போது போன் கடை. நான் சிம் போட்ட கடைதான் அது. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நேற்று யோகா போனில் கூப்பிட்டாள். மழையா என்று கேட்டாள். மழை என்றேன். பேச்சு இல்லாமல் போன இடத்தில், சிம் கதையைச் சொன்னேன்.

"எத்தன போட்ட?"

"அஞ்சுதான்."

"அந்தப் புள்ளைக்குத்தானேக்கா போட்ட" என்றாள்.

"வேற யாருக்குடி?"

போனை வைத்துவிட்டு இஸ்தோப்பில் போய் நின்றேன். மடுவத்துப் பாதையில் வேலை விட்டு இறங்குகிற நேரம். மழை மட்டும் இறங்கி வந்துகொண்டிருந்தது. பாதையை நடுவில் புல் மூடிவிட்டது. எவ்வளவு காதைத் தீட்டிக் கேட்டாலும், அந்தப் பக்கமிருந்து பொட்டியைத் திட்டிக்கொண்டு ஒருத்தரும் வரவில்லை.